6-க்கு 4-ஐ விட்டு வெளியே வாருங்கள்: மினியேச்சர் போர் விளையாட்டுக்கு வேறு வடிவ மேசை அமைக்க முழு வழிகாட்டி

மினியேச்சர், அதாவது சின்னச் சின்னப் போர்வீரர் பொம்மைகள், வைத்துப் போர் விளையாடுகிற யாரைக் கேட்டாலும் மேசை என்றால் 6 அடிக்கு 4 அடி என்பார்கள். கொஞ்சம் பிந்தி வந்தவர்கள் 60-க்கு 44 இன்ச் என்பார்கள். 2020-இல் வந்த வார்ஹாமர் 40,000 என்ற ஆட்டத்தின் ஒன்பதாம் பதிப்பு, வழக்கமான பெரிய ஆட்டத்துக்கு அதைத்தான் குறைந்தபட்ச அளவாகப் போட்டது. 30-க்கு 22 இன்ச் பலகை நான்கைச் சேர்த்தால் வருகிற அளவு அது. அதன் சின்ன ஆட்டமான கில் டீமுக்கு அதில் ஒரு பலகை போதும். விண்கலச் சண்டை ஆட்டமான எக்ஸ்-விங்குக்கு 3-க்கு 3 அடி. எல்லாமே செவ்வகம், இல்லாவிட்டால் சதுரம், போட்டி நடத்துகிறவர்களுக்கு அதுதான் வசதி, ஆனால் வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் கூடி விளையாடும் நமக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது.

செவ்வக மேசையில் நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு பேரும் நீளப் பக்கத்தில் நிற்கிறோம், படையின் இடது ஓரமும் வலது ஓரமும் மேசை விளிம்பில் போய் முட்டிக்கொள்கின்றன, அதற்கப்புறம் உலகமே இல்லை, யாரும் சுற்றி வர முடியாது. நிஜத் தளபதி தூக்கம் கெட்டுக் கவலைப்படுகிற பக்கவாட்டுத் தாக்குதல் இங்கே பைசா செலவில்லாமல் தீர்ந்துபோகிறது. எந்த மலையும் எந்த ஆறும் தராத பாதுகாப்பை விளிம்பு தருகிறது. மேசையில் இருப்பதிலேயே பலமான டெரெய்ன் (மலை, ஆறு, வீடு போன்ற நில அமைப்பு) விளிம்புதான், நாம் யோசிக்காமலே விட்டுவிடுகிற டெரெய்னும் அதுதான். அதனால் பார்க்க வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக ஒரு வடிவத்தை எடுக்காதீர்கள். விளிம்பு யாரைக் காக்க வேண்டும், யாரை நெருக்க வேண்டும், எந்தப் பக்கம் திறந்து கிடக்க வேண்டும் என்று பார்த்து எடுங்கள்.

படி 1: என்ன சண்டை என்று முடிவு செய்யுங்கள்

பலகையைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள். படைகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன? வென்றவன் கடைசியில் எங்கே நிற்கிறான்? துரத்தல், சாலை வழி ஊடுருவல், வண்டி வரிசையைக் காப்பது என்றால் வருகிற இடமும் போகிற இடமும் எதிரெதிர்க் குறுகிய முனைகள், அதற்கு நீளப் பட்டை. நடுவில் ஒரு கோட்டை, சுற்றிலும் எதிரி என்றால் வட்டம் அல்லது அறுகோணம். இரண்டு இடத்தில் சண்டை, நடுவில் ஒரு படை இங்கும் அங்கும் ஓட வேண்டும் என்றால் எல் வடிவம். ஒடுக்கமான வாயில் வழியாகத் திறந்த வெளிக்குப் போவது என்றால் டி வடிவம் அல்லது புனல் வடிவம்.

இந்த இரண்டு வரியும் வரவில்லை, சும்மா இரண்டு படை மோதிக்கொள்ள வேண்டும் அவ்வளவுதான் என்றால் 6-க்கு 4-லேயே இருங்கள். அதில் ஒன்றும் தப்பில்லை.

படி 2: அறையையும் கையையும் அளந்துகொள்ளுங்கள்

பெரியவர் ஒருவர் மேசை மேல் சாய்ந்து, எதையும் தட்டிவிடாமல், ஒரு மினியை எடுத்து வைக்கக்கூடிய தூரம் இரண்டிலிருந்து இரண்டரை அடி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேசையின் எந்தப் புள்ளியும் ஆள் நிற்கக்கூடிய ஏதாவது ஓர் இடத்திலிருந்து இரண்டரை அடிக்குள் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் நிற்கலாம் என்றால் அகலம் 5 அடி வரை போகலாம். ஒரு பக்கம் சுவர் என்றால் இரண்டரை அடிதான், அதற்கு மேல் வைத்த மலையும் கோபுரமும் விளையாட்டில் சேராது, அலங்காரம்தான்.

அப்புறம் நடக்க இடம். மேசையைச் சுற்றி இரண்டரை அடியாவது விடுங்கள், நாற்காலியும் வேண்டும் என்றால் 3 அடி. கோலாலம்பூர் கொண்டோ ஒன்றின் ஹாலில் சோபாவையும் டிவியையும் ஓரம் தள்ளிய பிறகு மிஞ்சுவது பல வீடுகளில் 10-க்கு 10 அடிகூட இருக்காது, இந்தக் கணக்கைப் போட்டால் 6-க்கு 4-ஏ திணறும். வேறு வடிவம் என்றதும் பெரிய வீடு வேண்டும் என்று நினைக்கிறார்கள், உண்மையில் சில வடிவங்கள் சின்ன அறைக்குத்தான் பொருத்தம். கீழே யு வடிவத்தில் அதைப் பார்க்கலாம்.

லிப்ட் வாசல், வீட்டு வாசல், காரின் பின் கதவு, மூன்றையும் அளந்துவிடுங்கள். 8-க்கு 4 அடி முழுப் பிளைவுட் பலகையை மைவி போன்ற சின்னக் காரில் ஏற்ற முடியாது. பின் இருக்கையை மடக்கினால் 4-க்கு 2 அடித் துண்டுகள் சமத்தாகப் படுத்துக்கொள்ளும்.

படி 3: வெட்டுவதற்கு முன் தரையில் ஒட்டுங்கள்

ஒரு சுருள் மாஸ்கிங் டேப் வாங்கி, நினைத்த வடிவத்தைத் தரையில் முழு அளவில் ஒட்டுங்கள். அதற்குள் டப்பா, புத்தகம், செருப்பு எதையாவது மலையாகவும் வீடாகவும் வைத்து இரண்டு டர்ன் (எல்லாரும் ஒரு முறை நகர்த்தி முடிக்கிற சுற்று) விளையாடிப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. எந்த மூலைக்கு யாரும் போகவே மாட்டேன் என்கிறார்கள், எங்கே இரண்டு பேர் இடித்துக்கொள்கிறார்கள், எந்த இடத்துக்குக் கை எட்டவில்லை என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். டைல்ஸ் தரை என்றால் டேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள், இந்த வெக்கைக்கு நாலைந்து நாள் விட்டால் பசை தங்கி வீட்டில் திட்டு விழும்.

படி 4: ஒரு பலகை, மூன்று வெட்டு

எந்த வடிவம் என்று இன்னும் முடிவாகவில்லையா? பரவாயில்லை. 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்றைக் குறுக்கே மூன்று இடத்தில் வெட்டினால் 4-க்கு 2 அடித் துண்டு நான்கு கிடைக்கும். இந்த நான்கு துண்டை வைத்தே நீளப் பட்டை, எல், டி, யு, சதுரம், பழைய செவ்வகம் எல்லாம் போட்டுவிடலாம். ஹார்ட்வேர் கடையிலேயே வெட்டித் தரச் சொல்லுங்கள். அளவை மில்லிமீட்டரில் சொல்வது நல்லது, அடிக்கணக்கு கடைக்குக் கடை கொஞ்சம் இழுபடும்.

முழுப் பலகை 2440-க்கு 1220 மில்லிமீட்டர். ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். மூன்று வெட்டுக்கு 9 போனால் மிச்சம் 2431, நான்கால் வகுத்தால் துண்டு ஒன்றுக்கு 608-க்குச் சற்றுக் குறைவு. அதனால் '610-இல் வெட்டுங்கள்' என்று சொல்லாதீர்கள், சொன்னால் மூன்று துண்டு சரியாக வந்து நான்காவது மட்டும் 601 ஆகிவிடும். 'நான்கும் ஒரே அளவு, 607' என்று சொல்லிவிடுங்கள். இன்னொன்று, இரண்டு துண்டை அகலவாக்கில் ஒட்டிவைத்து மூன்றாவதை அவற்றுக்குக் குறுக்கே திருப்பி வைத்தால் 1214-க்கு எதிரே 1220 நிற்கும், ஓரத்தில் 6 மில்லிமீட்டர் படி ஒன்று விழும். மேலே துணி விரித்தால் கண்ணுக்குத் தெரியாது. துணி விரிக்க மாட்டேன், பலகையிலேயே மணல் ஒட்டிப் பெயின்ட் அடிப்பேன் என்கிறவர்கள் மட்டும் நான்கு துண்டின் நீளத்தையும் 1214-க்கு இழைத்துவிடுங்கள்.

தடிமன் 9 மில்லிமீட்டர் போதும், அடியில் மேசை இருக்கிறது என்றால். இரண்டு முனையில் மட்டும் தாங்கல், நடு அந்தரத்தில் என்றால் 12 எடுங்கள். 9 மில்லிமீட்டரில் ஒரு துண்டு சுமார் 4 கிலோதான் வரும், கையில் இரண்டாகப் பிடித்துக்கொண்டு லிப்டில் ஏறலாம். அழுத்திய மர நார்ப் பலகையான எம்.டி.எஃப் மலிவு, ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் அது ஓரத்தில் ஊதிக்கொண்டே போகும், நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளைவுட்டும் ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் வளையும், ஏனென்றால் அடிக்காத பக்கம் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும், வெட்டிய நான்கு ஓரமும் அடியுங்கள்.

கால் செய்ய மெனக்கெடாதீர்கள். கல்யாணம், கருமாதி எதுவானாலும் கானோப்பியோடு வாடகைக்கு வருகிற மடக்கு மேசை நம் எல்லாருக்கும் தெரியும், பொதுவாக 6 அடி நீளம், இரண்டு அல்லது இரண்டரை அடி அகலம். 2 அடிப் பட்டைகளுக்கு அதைவிடப் பொருத்தமான அடித்தளம் கிடையாது. மேசைக்கும் பலகைக்கும் நடுவில் அலமாரித் தட்டில் போடும் சறுக்காத ரப்பர் வலையை விரித்து, சந்திப்புகளில் அடியில் ஒரு கிளாம்ப் போட்டுவிட்டால் போதும்.

படி 5: வடிவத்தை எடுங்கள்

நீளப் பட்டை. 8-க்கு 2 அடி. இதில் ஆரம்பியுங்கள் என்பேன், ஏனென்றால் இதில்தான் விளிம்பின் வேலை பளிச்சென்று தெரியும். 2 அடி அகலத்தில் 32 மில்லிமீட்டர் பேஸ் (மினி நிற்கும் வட்ட அடித்தட்டு) வரிசையாக 19 நிற்கும், அவ்வளவுதான். படை எவ்வளவு பெரியதானாலும் முன்னால் நின்று சண்டை போடுகிறவன் அந்தப் பத்தொன்பது பேர்தான், மிச்சமெல்லாம் பின்னால் வரிசையில் காத்திருக்க வேண்டும். 24 இன்ச் சுடும் துப்பாக்கி அகலம் முழுவதையும் மூடிவிடும், ஒதுங்க இடமே இல்லை.

இதற்கு நம் மண்ணிலேயே ஓர் அருமையான சண்டை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர், 1942 ஜனவரி 7, பேராக் மாநிலத்துச் சிலிம் ரிவர். ஜப்பானிய டாங்கிகள் விடிவதற்கு முன் இருட்டில் பெரிய சாலை வழியாகவே இறங்கின. இரண்டு பக்கமும் காடும் ரப்பர் தோட்டமும். பதினோராவது இந்திய டிவிஷனின் படைகள் சாலை நெடுக ஒன்றன் பின் ஒன்றாக நின்றன, முதலில் ஹைதராபாத் படை, அடுத்து பஞ்சாப் படை, டிரோலாக் பக்கம் ஆர்கைல் படை, அதற்கும் பின்னால் கூர்க்காக்கள். டாங்கிகள் ஒவ்வோர் அரணாகப் பிளந்துகொண்டு ஓடி, காலை முடிவதற்குள் சிலிம் ஆற்றுப் பாலத்தையே பிடித்துவிட்டன. இதை 6-க்கு 4 மேசையில் வைத்தால் என்ன ஆகும்? தற்காக்கிறவர் எல்லாரையும் ஒரே வரிசையில் பரப்பி நிறுத்துவார், டாங்கி வந்ததும் எல்லாத் துப்பாக்கியும் ஒரே நேரத்தில் பேசும், சண்டை வேறு கதையாகிவிடும். பட்டையில் அப்படிச் செய்ய வழியே இல்லை. பின்னால் இருக்கிறவனுக்கு முன்னால் நடப்பது தெரியாது, தெரிகிறபோது டாங்கி அவன் மேலேயே நிற்கும்.

8 அடியும் இந்தச் சண்டைக்குப் போதாது, 16 அடி வேண்டும், ஆனால் 16 அடி ஹால் யாரிடம் இருக்கிறது? பட்டையை மடித்துவிடுங்கள். 8 அடிப் பட்டை இரண்டை இணையாக வைத்து, நடுவில் ஆள் நடக்க இரண்டரை அடி விடுங்கள். முதல் பட்டையின் வலது முனையில் வெளியேறும் படை அடுத்த டர்னில் இரண்டாவது பட்டையின் இடது முனையில் நுழையும். மடிப்பு விழும் இடத்தை ரப்பர் மரங்களுக்குள் மறைகிற சாலை வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் பார்வையும் இல்லை, சூடும் இல்லை. அந்தச் சண்டையில் இன்னொரு விஷயமும் உண்டு, சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுகள் தோட்டத்துக்குள் கிடந்தன, தடை வைத்த இடத்தில் டாங்கிகள் அந்த வளைவு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தன. பட்டையில் ஒன்றிரண்டு இடத்தில் அப்படி ஓர் அரைவட்டப் பாதையை விளிம்பை ஒட்டிப் போடுங்கள். விளிம்பு பத்திரம் என்று நம்பி நிற்கிறவருக்கு அது நல்ல அதிர்ச்சி.

எல் வடிவம். மூன்று துண்டு: இரண்டை நீளமாக வைத்து, ஒரு முனையில் மூன்றாவதைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். வெளி விளிம்பை ஒட்டி முனையிலிருந்து முனைக்குப் போனால் 14 அடி, உள் விளிம்பை ஒட்டிப் போனால் 10 அடி. வித்தியாசம் 48 இன்ச். ஒரு டர்னுக்கு 6 இன்ச் நடக்கும் காலாட்படைக்கு அது எட்டு டர்ன்! உள்மூலையைப் பிடித்தவனுக்கு எல்லின் இரண்டு கையும் பக்கம், வெளியே நிற்கிறவனுக்கு எல்லாமே தூரம். அதனால் சிறிய படையை உள்மூலையிலும் பெரிய படையை இரண்டாகப் பிரித்து இரண்டு முனையிலும் வையுங்கள், படையின் பலத்தைச் சொல்லும் புள்ளிக்கணக்கில் ஒன்றுக்கு ஒன்றரை வரை போனாலும் ஆட்டம் சமமாகவே ஓடும் என்பது என் அனுபவம்.

யு வடிவம். நான்கு துண்டும் வேண்டும். 8 அடி அடிப்பட்டை, இரண்டு பக்கமும் 4 அடிக் கைகள். வெளியே 8-க்கு 6 அடி, நடுவில் 4-க்கு 4 அடிப் பள்ளம், அதில்தான் நிற்பீர்கள். சின்ன அறைக்காரர்கள் கவனிக்க: உள்ளிருந்தே எல்லா இடத்துக்கும் கை எட்டுவதால் மூன்று வெளிப்பக்கத்தையும் சுவரோடு சுவராகத் தள்ளிவிடலாம். 9-க்கு 9 அடிப் படுக்கையறையில் 32 சதுர அடி மேசை. 6-க்கு 4 என்பது 24 சதுர அடிதான், அதைச் சுற்றி நடக்க இடம் விட்டால் 11-க்கு 9 அடி கேட்கும். ஒரே சிக்கல் இரண்டு வெளிமூலைகள், உள்மூலையிலிருந்து அங்கே 34 இன்ச், கை எட்டாது. அந்த இரண்டு மூலையிலும் ஏற முடியாத மலையை வைத்து ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் விளையாடினால் ஒருவர் உள்ளே, ஒருவர் வாயில் பக்கம். மூன்றாமவர் வந்தால் நெருக்கடிதான், அதுவும் ஏர்கான் இல்லாத அறையில்.

டி வடிவம். இதற்குப் பினாங்கையே எடுத்துக்கொள்வோம். 1914 அக்டோபர் 28 அதிகாலை, ஜெர்மானியக் கப்பல் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் சென்னையைச் சுட்ட அதே எம்டன். மூன்று புகைபோக்கிக் கப்பலுக்கு நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நட்டு, பிரிட்டிஷ் கப்பல் போல வேடம் கட்டி வந்து, நங்கூரம் போட்டு நின்ற ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்கை டார்பிடோ விட்டு மூழ்கடித்துவிட்டு, வெளியே போகும்போது எதிர்ப்பட்ட பிரெஞ்சு டிஸ்ட்ராயர் மூஸ்கேயையும் முடித்துவிட்டது. பட்டர்வொர்த் பெர்ரியில் போனவர்களுக்குத் தெரியும், ஜார்ஜ் டவுனுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் அந்த நீர் எவ்வளவு ஒடுக்கம், வடக்கே போனால் எப்படித் திறந்துகொள்கிறது என்று. டியின் தண்டு துறைமுகம், மேல்பட்டை திறந்த கடல். எம்டன் மேல்பட்டையில் வந்து, தண்டுக்குள் இறங்கி, அடித்துவிட்டு, அதே வழியில் திரும்ப வேண்டும். தண்டின் அகலம் 24 இன்ச்தான், கப்பல் திரும்பும் வளைவு அதற்குள் அடங்குமா என்று ரூல் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த ஆட்டத்தின் பதைப்பே அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. அகலமான செவ்வகக் கடலில் இதை வைத்தால் எம்டன் ஓரமாக ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இதன் உறவுக்காரன் புனல் வடிவம், ஒரு முனை 4 அடி, மறுமுனை ஒன்றரை அடி. ராஜேந்திர சோழன் 1025-இல் கடாரத்தின் (இன்றைய கெடா) மேல் அனுப்பிய கப்பல்படையை மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் வைத்து ஆட வேண்டும் என்று நினைக்காத தமிழ் மினி ஆட்டக்காரர் இங்கே இருக்க மாட்டார். அகல முனையில் சோழர் கப்பல்கள் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும், ஆறு ஒடுங்க ஒடுங்க முன்னால் நிற்பது இரண்டு கப்பல்தான். 4 அடி அகலச் செவ்வகத்தில் இரண்டு ஓரத்திலும் ஏற முடியாத சதுப்புக் காட்டை முக்கோணமாக அடுக்கினாலே புனல் வந்துவிடும், பலகையை வெட்டவே வேண்டாம்.

அறுகோணம். மூன்று பேர் விளையாடுகிறீர்கள் என்றால் இதுதான். செவ்வகத்தில் மூன்று பேர் என்றால் நடுவில் மாட்டுகிறவருக்கு மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. அறுகோணத்தில் ஒன்றுவிட்டு ஒரு பக்கத்தில் நின்றால் மூவருக்கும் தூரம் ஒன்றே. எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 4 அடி என்று வைத்தால் எந்தப் பக்கத்திலிருந்தும் நடுப்புள்ளி 2 அடிதான், கையும் எட்டும். இதற்குத் தனியாக ஒரு பலகை வேண்டும். 1220 மில்லிமீட்டர் அகலப் பலகையில் நீளவாக்கில் 1408 அளந்து வெட்டுங்கள். பிறகு நான்கு மூலையிலும் நீளப் பக்கத்தில் 352, குறுகிய பக்கத்தில் 610 குறித்து, இரண்டு குறிகளையும் நேர்கோட்டால் இணைத்து அறுத்துவிடுங்கள், ஆறு பக்கமும் 704 மில்லிமீட்டரில் வந்து நிற்கும். அறுத்த நான்கு முக்கோணத்தையும் எறியாதீர்கள், நல்ல மேட்டு நிலம் ஆகும். மூன்று பேரில் இருவர் சேர்ந்துகொண்டு ஒருவரை மொத்துவதை மட்டும் எந்த வடிவமும் தடுக்காது, அது உங்கள் நண்பர்களைப் பொறுத்தது.

வட்டம். விருந்து மண்டபத்து வட்ட மேசை 5 அடி விட்டம் என்றால் நடுப்புள்ளி இரண்டரை அடி, கை எட்டும் எல்லைக்குச் சரியாக உள்ளே. வட்டத்தில் மூலை இல்லை. பீரங்கியை மூலையில் ஒளித்து வைத்து ஆட்டம் முழுக்க வெடித்துக்கொண்டிருக்கிற நண்பர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவருக்கு மருந்து இதுதான். படை நிறுத்தும் எல்லையைக் குறிக்க, நடுவில் ஒரு நூலைக் கட்டி 20 இன்ச்சில் சுற்றுங்கள், அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பது நிறுத்தும் இடம், ஆளுக்கு எத்தனை பங்கு என்று பிரித்துக்கொள்ளலாம். நடுவில் சுழலும் தட்டு இருக்கிற மேசை கிடைத்தால் அதன் மேல் கோட்டையை வைத்துச் சுழற்றலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். ஒரு முறைக்குச் சிரிப்பாக இருக்கும்.

எதுவும் வெட்ட மனமில்லையா? 4-க்கு 4 சதுரத்தை எடுத்து மூலைக்கு மூலை படை நிறுத்துங்கள். 48 இன்ச் இருந்த தூரம் 68 இன்ச்சுக்குப் பக்கத்தில் போகும், விளிம்பு இரண்டு பக்கமும் சாய்ந்து விலகிப் போவதால் நடுவில் அகலம், முனையில் ஒடுக்கம். அதே மேசை, புது ஆட்டம்.

படி 6: ரூலை வடிவத்துக்குப் பொருத்துங்கள்

இதை விட்டுவிட்டுத்தான் பலர் 'புது வடிவம் போட்டோம், நன்றாக இல்லை' என்கிறார்கள். முதலில் டர்ன் கணக்கு. 8 அடிப் பட்டை 96 இன்ச், 6 இன்ச் நடையில் முனைக்கு முனை 16 டர்ன். ஐந்து டர்னில் முடிகிற ஆட்டத்தில் காலாட்படை பாதி வழிகூடப் போகாது. முதல் மோதல் மொத்த டர்னில் மூன்றில் ஒரு பங்குக்குள் நடந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ப டர்னைக் கூட்டுங்கள், அல்லது தற்காக்கிறவரின் முதல் அரணை முன்னால் கொண்டுவந்து வையுங்கள், அல்லது சாலையில் போனால் ஒன்றரை மடங்கு வேகம் என்று கொடுங்கள். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் சாலைக்கு உடனே ஒரு விலை வந்துவிடுகிறது, எல்லாரும் அதற்காகவே அடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து வெற்றிடம். எல், யு, டி எதிலும் பலகை இல்லாத ஒரு பள்ளம் இருக்கும். அதற்கு மேலாகச் சுடலாமா? பார்க்கலாமா? பறக்கிறவன் கடக்கலாமா? முதல் பகடை உருள்வதற்கு முன் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுங்கள், நடு ஆட்டத்தில் இந்தக் கேள்வி வந்தால் நட்பே கெடும். எளிய வழி, பள்ளத்துக்கு ஒரு பெயர் வைப்பது. உயர்ந்த மலை என்றால் பார்வையும் இல்லை, சூடும் இல்லை. ஆறு அல்லது கடல் என்றால் பார்க்கலாம், சுடலாம், கடக்க முடியாது. எல் வடிவத்துக்கு மலை நன்றாக இருக்கும், டிக்குக் கரை, யுவுக்குக் குடா. அளப்பதும் அப்படியே, கடல் என்றால் அந்தரத்தில் நேர்கோடு, மலை என்றால் பலகை வழியாக மட்டும்.

பிறகு விளிம்பே. எந்த விளிம்பில் புதுப்படை நுழையலாம், எதில் ஓடித் தப்பலாம், எது மூடியது என்பதை மூன்று நிற டேப்பால் பலகை ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். பச்சை நுழைவு, மஞ்சள் வெளியேற்றம், சிவப்பு மூடல். சிவப்பு குறைய குறைய ஆட்டம் பதற்றமாகும். ஆப்ஜெக்டிவ்களை, அதாவது பிடித்தால் வெற்றிப் புள்ளி தரும் இடங்களை, சிவப்பு விளிம்பை ஒட்டி வைக்காதீர்கள், பின்புறம் பத்திரமான இடம் என்பதால் முதலில் போனவன் அங்கேயே குந்திவிடுவான்.

படி 7: விரிப்பு, டெரெய்ன், எடுத்து வைப்பது

கடையில் விற்கும் மேட் எல்லாம் செவ்வகம், இந்த வடிவங்களுக்கு ஆகாது. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கமோ, பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ துணிக்கடையில் மீட்டர் கணக்கில் பழுப்பு அல்லது மங்கிய பச்சைத் தடித்த துணி வாங்குங்கள், பளபளப்பு இருக்கக் கூடாது. பலகையை விடச் சுற்றிலும் 6 இன்ச் கூடுதலாக விட்டு வெட்டி, அடியில் மடித்துக் குண்டூசி குத்தினால் சந்திப்புக் கோடும் மறையும், ஓரத்துப் படியும் மறையும். கடல் ஆட்டத்துக்கு நீலத் துணி, அவ்வளவுதான். உயரமான டெரெய்னைப் பட்டையின் நடுவில் வைத்துப் பார்வையை உடையுங்கள், விளிம்பில் தாழ்வானதை மட்டும் வையுங்கள், அப்போதுதான் கை உள்ளே போகும்போது கோபுரத்தைத் தட்டாது. மேலே ஓடுகிற காற்றாடியை இரண்டாம் நம்பரிலேயே வையுங்கள், அட்டைகளும் தூவிய பஞ்சுப் புல்லும் பறக்காமல் இருக்க வேண்டுமானால்.

ஆட்டம் முடிந்ததும் நான்கு துண்டையும் முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் அந்தத் துணியையே மடித்து வைத்துக் கட்டி, கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். சுவரில் சாய்த்து மாதக்கணக்கில் விட்டால் வளைந்துவிடும், அதுவும் குளியலறைச் சுவருக்கு மறுபக்கம் என்றால் கேட்கவே வேண்டாம்.